மாமி சொன்னதும் நான் சொன்னதும்

எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் இருந்தன. அம்மா சிங்கப்பூரில் பிறந்தவர். அவர் பேசிய தமிழைத்தான் பக்கத்து வீட்டார், பள்ளித் தோழிகள், சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள் எல்லாரும் பேசினார்கள். அப்பாவின் தமிழை எங்கள் அக்கம்பக்கத்தில் வேறு யாரும் பேசவில்லை. கிளிநொச்சிக்கு அருகே ஓர் ஊரில் பிறந்து, கப்பல் பட்டறை வேலைக்காக இங்கே வந்து, அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு பாசிர் ரிஸ்ஸில் குடியேறியவர் அவர். வந்த புதிதில் அவர் வாயைத் திறந்தாலே மலையாளியா என்று கேட்டார்களாம். பத்துப் பேரிடம் இல்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டு, பதினோராவது ஆளிடம் அம்மாவின் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு நினைவு தெரிந்தபோது வீட்டிலும் அதையே பேசினார். என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிடுவது ஒன்றுதான் பழையதில் மிச்சமிருந்தது.

அவருடைய சொந்தத் தமிழ் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும். காலையில் சிராங்கூன் சாலையில் வாங்கிவந்த தொலைபேசி அட்டையை நகத்தால் சுரண்டி, நீளமான எண்களை ஒவ்வொன்றாக அழுத்துவார். அப்பாவின் ஊரில் ஒரு தொலைபேசிக் கடை. கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு வைத்திருப்பார்; கால் மணி நேரம் கழித்து மறுபடி அழைத்தால் அப்பாவின் அக்கா பேசுவார். அப்போது அப்பாவின் குரலே மாறிவிடும். வேகமாக, உரக்க, பாதி பாடுவதுபோலப் பேசுவார். எனக்குப் பாதிகூடப் புரியாது. கடைசியில் ரிசீவரை என் காதில் வைப்பார். அப்பாவின் அக்காவை அத்தை என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். அப்பாவோ மாமி என்றுதான் சொல்ல வேண்டும் என்பார். நல்லா இருக்கேன் மாமி, நல்லாப் படிக்கிறேன் மாமி. எனக்கும் அவருக்கும் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

எனக்கு ஒன்பது வயதானபோது அந்த ஊருக்குப் பக்கத்தில் போர் வந்துவிட்டது. அதற்கு முன்பும் போர் இருந்தது, ஆனால் எனக்கு அது அப்பா நாளிதழை மடித்து அலமாரிக்கு மேலே வைக்கும் விஷயமாக மட்டுமே இருந்தது. அந்த ஆண்டு இறுதி விடுமுறையில் அழைப்புகள் கிடைக்காமல் போயின. மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். சில நாள் மணிகூட அடிக்காது. மாமி எந்த நேரமும் கூப்பிடலாம், வீட்டுத் தொலைபேசியை யாரும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். தன் தங்கையிடம் தினமும் ஒரு மணி நேரம் பேசும் அம்மா அதைக்கூட நிறுத்திவிட்டார்.

மாமி கூப்பிட்டது டிசம்பரில் ஒரு பிற்பகல். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா ரொட்டி வாங்கக் கீழ்த்தளக் கடைக்கு இறங்கியிருந்தார். நான் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தேன். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல், கொப்பர் நிக்கிறாரோ என்று கேட்டது. கொப்பர் என்பது யாருடைய பெயரோ என்று நினைத்து, அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். 'உன் அப்பா இருக்கிறாரா' என்பதுதான் அந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் நிறுத்தி நிதானமாகச் சொன்னது:

"நான் மாமி கதைக்கிறன். நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டிட்டம் எண்டு அப்பாட்டைச் சொல்லு."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவின் பெரியப்பா ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து எப்போதாவது வந்து தங்குவார். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து, வெளிக்குப் போய்ட்டு வந்துர்றேன் என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டுக் கழிவறைக்குப் போவது அவர் வழக்கம். அவர் தலை மறைந்ததும் நானும் மாமா பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிப்போம். எனக்குத் தெரிந்த 'வெளிக்கு' அது ஒன்றுதான். கடல் கடந்து ஒரு அத்தை போன் போட்டு, குடும்பம் முழுக்கக் கழிவறைக்குப் போய்விட்டோம், அப்பாவிடம் சொல் என்கிறார். நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

"ஏன் பிள்ளை சிரிக்கிறாய்?" என்றார் மாமி. கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அம்மா ரொட்டியோடு வந்தபோது நான் சொல்லவில்லை. பெரியவர்களைப் பார்த்துச் சிரித்தால் எங்கள் வீட்டில் முட்டிபோட வேண்டும். மாமி மறுபடி கூப்பிட்டு அப்பாவிடம் நேராகவே சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். என் சிரிப்பைப் பற்றிப் புகார் சொல்லாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு, மீதிக் கார்ட்டூனையும் பார்த்தேன்.

மாமி மறுபடி கூப்பிடவில்லை. ஜனவரியில் பள்ளி திறந்தது. கிளிநொச்சி பிடிபட்ட செய்தி வந்தது. அப்பா வேலை முடிந்து வந்ததும் காலுறையைக்கூடக் கழற்றாமல் தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். அந்தக் கடை எண்ணுக்கே திரும்பத் திரும்ப அழைப்பார். அந்த ஊரில் யாருமே இல்லை என்று செய்தியில் சொன்ன பிறகும் அழைத்தார். அவர் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருநாள் ரிசீவரில் காதை வைத்துப் பார்த்தேன். அதில் ஒன்றுமே கேட்கவில்லை.

அப்பாவின் தமிழைப் பேசும் இன்னொருவரும் சிங்கப்பூரில் இருந்தார். மாமிக்கு அடுத்த வீட்டுக்காரர். கட்டுமான வேலைக்கு வந்து கிராஞ்சியில் தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்தார். சொந்தமில்லை என்றாலும் நான் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டேன். மனைவியும் என்னைவிட இரண்டு வயது சின்ன மகளும் ஊரில் இருந்தார்கள். ஞாயிறுதோறும் லாரியில் லிட்டில் இந்தியா வந்து இறங்குவார். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் புல்வெளியில் நாளிதழை விரித்து நாங்கள் நால்வரும் உட்காருவோம். சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஆட்கள், பொட்டலச் சாப்பாடு, சிரிப்பு, ஊருக்குப் பேசும் சத்தம். ஒரு காலத்தில் சித்தப்பாவும் சத்தமாகச் சிரிப்பார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு அவர் சிரிக்கவில்லை. ஊருக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். வேலையை விட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை கொழும்புக்கு ஏறுகிறார். அங்கிருந்து எப்படியாவது வவுனியா வரை போய்விடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார். அப்பா பதறிப்போனார். பாதை மூடிக் கிடக்கிறது, உன் வயதுப் பையன்கள் இறங்கியதும் என்ன ஆகிறார்கள் என்று தெரியுமா, போனவர்களில் எத்தனை பேர் திரும்பிப் பேசினார்கள் என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சித்தப்பா மெதுவாகச் சொன்னார்:

"அவை வெளிக்கிட்டிச்சினமோ இல்லையோ எண்டே தெரியாமல், நான் இஞ்ச இருந்து சீமெந்து குழைச்சு என்ன செய்ய அண்ணை?"

அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அவர் முகத்தில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. அம்மாவின் புடவையை இழுத்து, வெளிக்கிட்டுன்னா என்னம்மா என்று கேட்டேன். கிளம்புறது லா, ஊர விட்டுக் கிளம்பிட்டாங்களான்னு கேக்குறாரு என்றார் அம்மா.

அங்கேயே அழ ஆரம்பித்தேன். மாமி கூப்பிட்டார், நான் சிரித்துவிட்டேன், சொல்லவில்லை என்று விக்கி விக்கிச் சொன்னேன். அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் அடி நிச்சயம் என்று தெரிந்தது. ஆனால் அப்பா புல்லில் முட்டிபோட்டு என் முன்னால் வந்து, இரண்டு கைகளாலும் என் முகத்தைத் துடைத்தார். மாமி சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு முறை கேட்டார். சொன்னேன். எந்த நாள், காலையா மாலையா, குரல் எப்படி இருந்தது, பக்கத்தில் பிள்ளைகள் சத்தம் கேட்டதா, அழுதாரா என்று கேட்டார். அழவில்லை என்றேன். அது உண்மை. அப்பாவின் முகம் ஒரு மாதத்தில் முதல் முறையாக இளகியது. வெளிக்கிட்டிட்டினம், வெளிக்கிட்டிட்டினம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சித்தப்பா கையில், பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தேநீர் அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்கட வீட்டு ஆக்களைப் பற்றி மாமி ஏதும் சொன்னவவோ பிள்ளை?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அது எவ்வளவு சின்னச் சொல் என்பதை இப்போதும் யோசிக்கிறேன். ஆனால் ஒரு மாதம் ஒளித்து வைத்திருந்த தப்புக்கு அப்பா என்னைத் திட்டவில்லை, முகத்தைத் துடைத்துவிட்டார். ஒருவர் முகத்தை நான் சரிசெய்துவிட்டேன். இன்னொருவர் முகம் எதிரில் காத்திருக்கிறது. கையில் இருந்ததைக் கொடுப்பதுபோலத்தான் அதைச் சொன்னேன்.

"சொன்னாங்க சித்தப்பா. பக்கத்து வீட்டு அக்காவும் பாப்பாவும் எங்ககூடத்தான் வர்றாங்க, கவலைப்படாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

அப்பா தரையைப் பார்த்தார். சித்தப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் முகம் கழுவினார். திரும்பி வந்ததும், அப்ப சரி அண்ணை, கொஞ்ச நாள் பாப்பம் என்றார். சனிக்கிழமை அவர் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் தனியே நிறுத்தி, அத்தை உண்மையாகவே அப்படிச் சொன்னாரா என்று கேட்டார். சாமி சத்தியமாக என்றேன். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் சித்தப்பா என்னிடம் அதைக் கேட்பார். நானும் சொல்வேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. பாப்பா பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு நடந்ததாகவும், அவளுக்கு மாமி பிஸ்கட் கொடுத்ததாகவும் சேர்த்தேன். அரை நிமிட அழைப்பில் மாமி இவ்வளவும் சொல்லியிருக்க முடியுமா என்று அந்தப் பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. என் சாமர்த்தியத்தைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை வந்தது. இரவில் மட்டும் பயமாக இருந்தது.

அந்த ஆண்டு மத்தியில் போர் முடிந்தது. சிராங்கூன் சாலையில் அன்றும் பூக்கடை திறந்திருந்தது. பள்ளியில் என் தோழி, உங்க அப்பா ஊர்ல சண்டை முடிஞ்சிருச்சாம்ல, உங்க வீட்ல பார்ட்டியா என்று கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அன்று சமைக்கவில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து, முகாம் ஒன்றிலிருந்து, யாரோ ஒருவரின் கைப்பேசியில் மாமி பேசினார். கூட யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, அப்பா ஒவ்வொரு பெயராக உரக்கத் திருப்பிச் சொன்னார். அம்மா பக்கத்தில் நின்று விரல்களை மடக்கினார். ஐந்தாவது விரலுக்குப் பெயர் வரவில்லை. மாமியின் மூத்த மகன். அப்பா கேட்டார், மறுபடி கேட்டார், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு வெறுமனே ஓம், ஓம் என்றார். என்னைப் பற்றியும் மாமி ஏதோ சொன்னாராம். பிள்ளை போனில் சிரித்தது, அங்கேயாவது எல்லாரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன் என்றாராம்.

அடுத்த வீட்டைப் பற்றி அப்பா கேட்டதற்கு வந்த பதில் இது: அவர்கள் சேர்ந்து வரவில்லை. மாமி கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே சித்தப்பாவின் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் தாய் வீட்டுக்கு வேறு பக்கமாகப் போய்விட்டார். அதன்பின் வழியிலும் காணவில்லை, முகாமிலும் காணவில்லை.

மறுநாள் அப்பா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு பேருந்து மாறிக் கிராஞ்சிக்குப் போனார். என்னைக் கூட்டிப்போகவில்லை. திரும்பி வந்தபோது காலணி முழுக்கச் சேறு. அதைக் கழுவாமல் வாசலிலேயே விட்டிருந்தார்.

சித்தப்பாவின் மனைவியும் மகளும் இன்று வரை கிடைக்கவில்லை. ஊருக்குப் போன சித்தப்பா அங்கேயே தங்கிவிட்டார். எந்தெந்த அலுவலகத்தில் எந்தெந்தப் பட்டியல் இருக்கிறதோ அத்தனையிலும் அவர் எழுதிக்கொடுத்த இரண்டு பெயர்கள் இருக்கின்றன. தைப்பொங்கலுக்கு அப்பாவுக்குப் போன் செய்வார். மழையைப் பற்றியும் பயிரைப் பற்றியும் பேசுவார்கள். போருக்குப் பிறகு அப்பா தன் தமிழை யாருக்காகவும் மாற்றிக்கொள்வதில்லை. மலையாளியா என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு, சென்ற ஆண்டுதான், அப்பாவிடம் அதைச் சொன்னேன். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமி அடுத்த வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானாகச் சொன்னது என்றேன். இருபது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக நெஞ்சில் கிடந்தது அது. அப்பா சோற்றைப் பிசைந்தபடி, தெரியும் என்றார்.

"உன்ர மாமி சாகக் கிடந்தாலும் 'கவலைப்படாதீங்க' எண்டு சொல்லமாட்டா. 'யோசிக்காதேங்கோ' எண்டுதான் சொல்லுவா. நீ வாய் திறந்த உடனையே தெரியும், அது உன்ர கதை எண்டு."

சித்தப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவனுக்குத் தெரியாமல் இருக்குமோ? அவனும் எங்கட ஊர்தானே. அண்டைக்கு நான் அவன்ர முகத்தைப் பார்க்கேல்லை. அவனும் என்னைப் பார்க்கேல்லை."

சித்தப்பா போயிருந்தால் அவரையும் இழந்திருப்போம் என்று அப்பா நினைத்திருக்கிறார். அதனால் என் பொய்யை அப்படியே விட்டுவிட்டார். செய்தது சரியா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவரே கொஞ்ச நேரம் கழித்து, தெரியேல்லை பிள்ளை என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தனக்குத் தெரியும் என்று சித்தப்பாவே பல ஆண்டு முன்பு என்னிடம் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊருக்குப் புறப்படும் முன் விடைபெற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அது ஜூன் விடுமுறை, பிற்பகல். அவரைப் பார்க்கப் பயந்து நான் வாசலுக்கு வெளியே நடைவழியில் நின்றிருந்தேன். அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லிக்கொண்டு அவர் வெளியே வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"நீ சொன்னதை நினைச்சு அழாதை பிள்ளை. எனக்கு அண்டைக்கே தெரியும். எனக்குப் போகப் பயமா இருந்தது. நீ சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு இஞ்சையே நிண்டிட்டன்."

இவ்வளவு பெரிய ஆள், பத்து மாடி உயரச் சாரத்தில் நின்று வேலை பார்ப்பவர், போகப் பயம் என்கிறார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. முதல் முறை விமானத்தில் ஏறியபோது நானும் அழுதிருக்கிறேன்.

"மேல ஏறும்போது மட்டும்தான் காது அடைக்கும் சித்தப்பா. வாயில மிட்டாய் வச்சுக்குங்க, ஒண்ணும் தெரியாது லா," என்று சொல்லி, பாவாடைப் பையிலிருந்து இரண்டு மிட்டாய்களை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அவற்றைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓம் பிள்ளை என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்கு நடந்தார்.

அன்று சாப்பிடும்போது இதைப் பெருமையாக வீட்டில் சொன்னேன். அம்மா குழம்பு ஊற்றுவதை நிறுத்தினார். அப்பா தட்டிலிருந்து நிமிராமல், நல்ல காரியம் செய்தாய் பிள்ளை என்றார். எனக்கோ, கொழும்பு வரை நான்கு மணி நேரமாமே, இரண்டு மிட்டாய் போதுமா என்பதுதான் கவலை.